‘ஒருக்கா கொடுத்தாச்சே, ரெண்டாவது என்னத்துக்கு?’

கடிதம் சேரன்மகாதேவிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. எழுதியவர் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய். கணவர் மும்பையில் இட்லி வியாபாரம் செய்கிறார். தாராவியில் அவரோடு இருந்துவிட்டு, போன வருஷம் மகனைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி, இப்போது மாமியாரோடு இருக்கிறார். மகனுக்கு நான்கு வயது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திங்கட்கிழமை பையனுக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் இடது பிட்டத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் விட்டுவிட்டது. வியாழக்கிழமை காலை எழுந்தவன் இடது காலை ஊன்றவில்லை. “தூக்கி நிறுத்தினா ஈரத்துணி மாதிரி கால் தொவண்டு போகுது டாக்டரம்மா” என்று எழுதியிருக்கிறார். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே டாக்டர் சுகாதாரத் துறைக்கு ஒரு படிவம் எழுதினார். சனிக்கிழமை பரிசோதனைக்கு மலம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று நாலு நாள் பையன் வெளிக்கே போகவில்லை. புதன்கிழமை விரல்கள் கொஞ்சம் அசைந்தன, வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த நாள் காலை கிராம நர்சம்மாவும் ஹெல்த் இன்ஸ்பெக்டரும் ஐஸ் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்கள், இரண்டாவது முறை மலம் வேண்டும் என்று. மாமியார் விடவில்லை. அன்று சாயங்காலமே அங்கன்வாடியில் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து ஊற்றியிருக்கிறார்கள். “உன் பிள்ளையால எங்க பிள்ளைக்கும் வந்துருமோ” என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டுவிட்டாராம்.

அவருடைய கேள்விகளை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “நாட்டுலயே போலியோ இல்லன்னு சொல்லுதாவ. பெறவு எம் பிள்ளைய மட்டும் ஏன் தொரத்துதாவ? ஒருக்கா கொடுத்தாச்சே, ரெண்டாவது என்னத்துக்கு? ஊசி போட்டதுலதான் இப்படி ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அவன் பேர்ல போலியோன்னு எழுதிட்டா நாளைக்கு அவன் கதி என்ன? தாராவியில இருக்கையில ரெண்டு தவணை சொட்டு மருந்து விட்டுப்போச்சு. அதுக்குத்தான் இந்தத் தண்டனையா?”

கடிதம் வந்த ராத்திரியே நான்கு வரியில் அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். நாள் கணக்கு அப்படி. அந்த நான்கு வரியின் விரிவுதான் இது. அவருடைய சம்மதத்தோடு வெளிவருகிறது.

அம்மா,

முதலில் நாளை எண்ணுவோம். கால் துவண்டது வியாழக்கிழமை. நீங்கள் எனக்கு எழுதியது அடுத்த வியாழக்கிழமை ராத்திரி. கால் துவண்ட நாளிலிருந்து 14 நாளுக்குள் இரண்டு முறை மலம் எடுக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் கையில் இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. நாளைக் காலை பையன் வெளிக்குப் போனதும் நர்சம்மாவுக்குப் போன் போடுங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இந்தப் போலியோ வைரஸ் குடலில் தங்கிப் பெருகி, மலத்தில் வெளியேறுகிறது. கால் துவண்ட முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகமாக வெளியேறும். அப்போதும் ஒரே சீராக வருவதில்லை. ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது. மலம் எடுத்த ஒரே ஒரு டப்பாவை மட்டும் பார்த்துவிட்டு “வைரஸ் இல்லை” என்று ஆய்வகம் சொன்னால், நிஜமாகவே இல்லையா, அன்றைக்கு மட்டும் வரவில்லையா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இரண்டு டப்பாவிலும் இல்லை என்றால்தான் அந்த ‘இல்லை’யை நம்பலாம்.

பேரில் போலியோ என்று எழுதிவிடுவார்களே என்றுதான் நீங்கள் மலம் கொடுக்கத் தயங்குகிறீர்கள். நடப்பது இதற்கு நேர் எதிர். இரண்டு டப்பாவும் முறையாகப் போய், இரண்டிலும் வைரஸ் இல்லையென்றால் ‘போலியோ இல்லை’ என்று எழுதி உங்கள் மகனின் கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டாவது டப்பா போகாமல், காலில் பலவீனமும் மிச்சம் இருந்தால், அந்தக் கோப்பு நிபுணர் குழுவுக்குப் போகும். அவர்களிடம் சாட்சி எதுவும் இருக்காது. ‘போலியோவாக இருந்திருக்கலாம்’ என்று எழுத வேண்டிய நிலைகூட அவர்களுக்கு வரலாம். எந்தச் சந்தேகத்துக்குப் பயந்து கதவைச் சாத்தினீர்களோ, அது கதவைச் சாத்தினதாலேயே அவன் பேரில் ஒட்டிக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் எழுதிய படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 வயதுக்குட்பட்ட எந்தப் பிள்ளைக்கும் கையோ காலோ திடீரென்று துவண்டு போனால், என்ன காரணமானாலும், அதை உடனே சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் பேச்சில் அதற்கு ‘ஏ.எஃப்.பி.’ என்று பெயர். அது நோயின் பெயர் கிடையாது, ஓர் அறிகுறியின் பெயர். போலியோ என்று டாக்டர் சந்தேகப்பட்டதால்தான் படிவம் எழுதினார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சந்தேகமே இல்லாவிட்டாலும் அவர் எழுதித்தான் ஆக வேண்டும். “இது ஊசியால் வந்ததுதான், எதற்கு எழுதணும்” என்று ஒவ்வொரு டாக்டரும் தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டால் வைரஸ் நழுவிவிடும் என்பதற்காகவே விதியை இப்படி வைத்திருக்கிறார்கள்.

ஊசியா, வைரஸா?

ஊசியால் வந்திருக்கலாம். உங்கள் ஊகத்தை நான் தள்ளவில்லை. பிட்டத்தில் போடும் ஊசி கொஞ்சம் இடம் மாறினால், கால் வரைக்கும் இறங்கும் பெரிய நரம்பு அடிபடும். அப்போது பாதம் தொங்கும். கணுக்காலை மேலே தூக்க வராது. பாதத்தில் உணர்ச்சி குறையும். ஊசி போட்ட இடத்திலிருந்து வலி இறங்கும். ஆனால் தொடையின் முன்பக்கத் தசைக்கு வேறு நரம்பு. அதனால் முழங்கால் பெரும்பாலும் நன்றாகவே நீளும். போலியோவில் உணர்ச்சி குறையாது. கிள்ளினால் பிள்ளை சிணுங்கும், ஆனால் காலை இழுத்துக்கொள்ள முடியாது. தொடைத் தசையும் பல நேரம் சேர்ந்து துவளும். பிள்ளையைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டுவோம். உங்கள் மகனுக்கும் தட்டியிருப்பார்கள். கால் துள்ளுகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். வேறு காரணங்களும் உண்டு: ஏதோ ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கி, இரண்டு காலும் ஒன்றுபோலத் துவண்டு மேலே ஏறும் ஒரு நோய், தண்டுவட வீக்கம், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது.

இதில் உங்களுக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. போலியோ வைரஸும் முதலில் வெறும் காய்ச்சலாகத்தான் வரும். அந்தக் காய்ச்சலுக்கு யாராவது தசையில் ஊசி போட்டால், ஊசி போட்ட காலிலேயே வாதம் வருவதற்கு வழி உண்டு. இது மருத்துவத்தில் வெகு காலமாகத் தெரிந்த விஷயம். காய்ச்சல், ஊசி, இரண்டு நாளில் ஒரு கால் என்று நீங்கள் சொல்லும் வரிசை இரண்டுக்கும் பொருந்தும். கண்ணால் பார்த்து மட்டும் பிரித்துச் சொல்ல எனக்கே தைரியம் வராது.

ஊசி போட்டவர்மேல் புகார் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்க உரிமை உண்டு. ஆனால் காரணம் உறுதியாகாமல் இப்போதே ஓடாதீர்கள். அந்த கிளினிக் சீட்டு, ஊசி மருந்தின் பெயர், தேதி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனையை, மூன்று வாரம் ஆன பிறகு செய்தால்தான் தெளிவாகத் தெரியும். அதில் ஊசியால்தான் என்று வந்து, மலத்திலும் வைரஸ் இல்லை என்று வந்தால், அந்த இரண்டு காகிதமும் சேர்ந்துதான் உங்கள் புகாருக்குப் பலம். அந்த வகையிலும் இரண்டாவது டப்பா உங்களுக்கே வேண்டியது.

இல்லாத நோயை ஏன் தேடுகிறார்கள்?

இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை. 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு இருக்கும் தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ இல்லாத பகுதி என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தச் சான்று சும்மா கிடைக்கவில்லை. நாடு முழுக்க ஆண்டுக்கு 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கைகால் துவண்டதை எழுதி, மலம் எடுத்து, ஐஸில் வைத்து அனுப்பி, ஒன்றிலும் இயற்கையான போலியோ வைரஸ் இல்லை என்று வருஷக் கணக்கில் காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளும், உங்களைப் போல மனசு கலங்கி உட்கார்ந்திருந்த தாய்மாரும் கொடுத்த சாட்சி அது.

போலியோ ஒழிந்த இடத்திலும், மற்ற காரணங்களால் கைகால் துவளும் பிள்ளைகள் இருக்கத்தான் செய்வார்கள். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒருவராவது இருப்பார் என்பது உலகக் கணக்கு. நம் நாட்டில் குறைந்தது இரண்டு பேரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நான்கு லட்சம் பிள்ளைகள் உள்ள மாவட்டம் ஒன்று ‘இந்த வருஷம் எங்களிடம் ஒருவர்கூட இல்லை’ என்று சொன்னால் அது நல்ல செய்தியில்லை அம்மா. அங்கே யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

வைரஸ் உலகத்தை விட்டுப் போய்விடவும் இல்லை. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இன்னும் இருக்கிறது. தடுப்பு மருந்து எல்லோருக்கும் போய்ச் சேராத இடங்களில், சொட்டு மருந்தில் உள்ள பலவீனப்படுத்திய வைரஸே வருஷக் கணக்கில் ஆள்மாறி ஆள்மாறிப் பரவி, மறுபடி பலம் பிடிப்பதும் உண்டு. 2022-இல் லண்டனின் சாக்கடை நீரிலும் நியூயார்க்கிலும் அப்படிப்பட்ட வைரஸைக் கண்டார்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மும்பையிலோ இருக்கிறார்கள். வைரஸ் தொற்றிய இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கால் துவளும். மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, ஆனாலும் பரப்புவார்கள். அந்த ஒருவரைத் தவறவிட்டால் இருநூறு பேரையும் தவறவிட்ட மாதிரிதான்.

எண்பதுகளில் நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது, இளம்பிள்ளை வாதம் என்பது வார்டில் தினசரிச் சங்கதி. அப்பாமார் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். சூம்பிய கால் அவர்கள் மார்பில் தட்டித் தட்டி ஆடும். உடன்குடிப் பக்கத்துப் பனையேறி ஒருவரின் மகளுக்குக் காலில் இரும்புப் பட்டை மாட்டியிருந்தோம். அடுத்த முறை வந்தபோது பட்டையின் தோல்வார் அறுந்திருந்தது. அவள் அப்பா பனைநாரை முறுக்கி, வாரைவிட அழகாகக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நார் உராய்ந்து முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்திருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. அந்தச் சிவப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இனியும் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் உங்கள் வாசலில் ஐஸ் பெட்டி வந்து நிற்கிறது.

மலம் எடுப்பது

கழிப்பறைக்குள் போகவிட்டு அதிலிருந்து அள்ளாதீர்கள். பினாயிலோ சோப்புத் தண்ணீரோ பட்டால் பரிசோதனை கெட்டுவிடும். தரையில் சுத்தமான காகிதத்தை விரித்து அதில் போகச் சொல்லுங்கள். நர்சம்மா கொடுத்த டப்பாவில், கூடவே கொடுக்கும் கரண்டியால், உங்கள் கட்டைவிரல் நுனி அளவு எடுத்தால் போதும், ஏறக்குறைய 8 கிராம். மூடியை இறுக்கித் திருகி உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். அங்கிருந்து ஆய்வகம் போய்ச் சேருகிற வரை அந்தக் குளிர்ச்சி விடக் கூடாது. நம் மாநிலத்தில் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் இந்த ஆய்வகம் இருக்கிறது. ஒரு நாள் போகவில்லையென்றால் பேதிக்குக் கொடுக்காதீர்கள், தண்ணீரும் பழமும் கொடுத்துக் காத்திருங்கள். 14 நாள் தாண்டிவிட்டாலும் “இனி பிரயோஜனமில்லை” என்று விட்டுவிடாமல் கொடுங்கள். முடிவு வரும் வரை, அவனைக் கழுவிவிட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதை வீட்டில் எல்லோரும் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

உங்கள் உரிமை

பலவந்தமாக யாரும் எடுக்க மாட்டார்கள். வந்தவர் யார், எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று கேளுங்கள். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பைசா செலவில்லை. மகனுக்கு ஓர் எண் கொடுத்திருப்பார்கள், அதைக் குறித்துக்கொண்டு, முடிவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். தெருவில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், உள்ளே வந்து பேசுங்கள் என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் வாசலில் நடந்தது அந்த விஷயத்தில் சரியில்லை. எடுத்துச் சொல்லாமல் டப்பாவை நீட்டினால் எந்த வீட்டுப் பெரியவருக்கும் கோபம் வரத்தான் செய்யும். கால் துவண்டு 60 நாள் ஆன பிறகும் பார்க்க வரக்கூடும். பலவீனம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். கால் முழுதாகச் சரியாகாவிட்டாலும், அதைச் சொல்லி அரசு நடத்தும் பள்ளியோ அரசு அங்கீகரித்த பள்ளியோ அவனைச் சேர்க்க மறுக்க முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு இடம் கொடுக்காது.

மதினியிடம் நீங்களே சொல்லுங்கள்: அந்தச் சொட்டு மருந்து உங்கள் மகனிடம் ஏதோ கண்டுபிடித்ததால் ஊற்றியதில்லை. முடிவு வருவதற்கு முன்பே, எச்சரிக்கைக்காக, சுற்றுவட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுப்பது நடைமுறை. கூடுதலாக ஒரு தவணை போனதால் கெடுதல் ஒன்றும் இல்லை.

தாராவியில் விட்டுப்போன தவணைகளுக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளாதீர்கள். ஒரே அறையில் குடித்தனம், கையில் பிள்ளை, தெரியாத பாஷை. விட்டுப்போவது நடக்கிறதுதான். அவனுக்கு இன்னும் ஐந்து வயதாகவில்லை. இரண்டாவது டப்பா போன பிறகு, மும்பை அட்டையை எடுத்துக்கொண்டு நர்சம்மாவிடம் போங்கள். எந்தத் தவணை விட்டுப்போனது என்று பார்த்து அவர் சொட்டு மருந்து கொடுத்துவிடுவார்.

ராத்திரி என்றும் பார்க்காமல் கிளம்ப வேண்டியது

இன்னொரு காலோ கையோ துவண்டால், மூச்சு வாங்கினால், விழுங்கும்போது புரையேறினால், குரல் கம்மினால் அல்லது மூக்கால் பேசினால், சிறுநீர் போகாமல் வயிறு உப்பினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு நேரே பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் தசைகள் துவண்டால் மணிக்கணக்குத்தான் அவகாசம்.

அத்தை எண்ணெய் போட்டு நீவச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பேரன்மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: இப்போதைக்கு அந்தக் காலை அழுத்தி நீவவோ, இழுத்துக் கட்டவோ வேண்டாம். வேறு எந்த ஊசியும் தசையில் போட வேண்டாம். முடிவு தெரிந்து, டாக்டர் சரி என்ற பிறகு, எண்ணெயை இளஞ்சூடாக்கி மெல்லத் தடவிக் காலை நீட்டி மடக்கிவிடும் வேலையை அவரிடமே விடலாம். சொல்லிக் கொடுத்தால் ஆச்சிமார் அதை எங்களைவிடப் பொறுமையாகச் செய்வார்கள்.

ஊசியால்தான் நரம்பு அடிபட்டது என்றால், அடிபட்ட நரம்பு வளர்வது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நாலு வயதுப் பிள்ளையின் பிட்டத்திலிருந்து பாதம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே முழம் போட்டுப் பாருங்கள், ஒரு வருஷத்துக்கும் மேலே ஆகலாம். ஒரு வாரத்திலேயே விரல் அசைவது நல்ல அறிகுறி. நரம்பு முழுசாக அறுபடவில்லை என்று நம்ப இடம் கொடுக்கிறது. அதுவரை பாதம் கீழே தொங்கியே இருந்தால் குதிகால் தசைநார் இறுகிவிடும். பிசியோதெரபி பிரிவில், பாதத்தை நேராகத் தாங்கும் லேசான பிளாஸ்டிக் பட்டை கேளுங்கள். ராத்திரி தூங்கும்போதும் மாட்டியிருக்க வேண்டும். அளவெடுக்கப் போகிற அன்று அவனுடைய செருப்பையும் கையோடு கொண்டுபோங்கள், ஒரு அளவு பெரிய செருப்பு வேண்டியிருக்கும்.